திறந்த மைதானத்த பாத்ததும் பறக்கற ரேஸ் குதிரை: உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். ரேஸ்ல இருந்து ரிட்டயர் ஆன குதிரைய வாங்கியிருக்கோம், வேலிக்குள்ள தங்கமா இருக்கு, திறந்த வெளிக்கு கூட்டிட்டு போனா ஆளே மாறிடுதுன்னு. அதனால மத்தத அடுத்த முறைக்கு வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

சார், என் குதிரைக்கு ஏழு வயசு, ரேஸ விட்டு எட்டு மாசம் ஆச்சு. வேலி போட்ட மணல் அரீனால (பயிற்சி இடம்) சொன்னபடி கேக்கறான். புல்வெளில கேன்டர் (மெதுவான பாய்ச்சல் ஓட்டம்) ஆரம்பிச்சா போதும், தலைய இறக்கிகிட்டு இழுக்கறான், நான் எவ்ளோ இழுத்து பிடிச்சாலும் இன்னும் வேகமாத்தான் போறான். கடுமையான கடிவாளமா மாத்த சொல்றாங்க, மாத்தவா?

மாத்தாதீங்க. 'இழுத்து பிடிச்சா இன்னும் வேகமா போறான்'னு நீங்களே காரணத்த எழுதிட்டீங்க. ரேஸ் பயிற்சில ஓட்டறவங்க ரெண்டு ரெயினையும் (கடிவாள வார்) கழுத்துக்கு மேல குறுக்கா போட்டு சேத்து பிடிப்பாங்க, குதிரை அந்த பிடி மேல வாய சாய்ச்சுகிட்டுதான் ஓடும். ரெயின் இறுகினா வேலை ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், ஓட்டம் முடிஞ்சு ஜாக்கி கைய தளத்தி அங்கவடில (கால் வைக்கற வளையம்) நிமிந்து நின்னாதான் அது வேகத்த குறைக்கும். ரெண்டு வயசுலயே, சிலது அதுக்கும் முன்னாடியே படிச்ச பாடம் இது. இப்ப நீங்க பயந்துபோய் இறுக்கி பிடிக்கறீங்க, அவனுக்கு அது 'போ'ன்னு கேக்குது, அவன் போறான். அடங்காத குதிரை இல்லங்க அவன், சொன்னத செய்யற குதிரை.

இதுல கடுமையான கடிவாளம் போட்டா வாயில வலிதான் கூடும், வலிய கண்டா குதிரை அதுல இருந்து தப்பிச்சு ஓடத்தான் பாக்கும். நானும் ஆரம்பத்துல ஒரு செந்நிற பெண் குதிரைக்கு ஒரே மாசத்துல ரெண்டு கடிவாளம் மாத்தினேன், ஒருநாள் தலைய உதறிகிட்டே இருக்காளேன்னு உதட்ட விலக்கி பாத்தா கீழ் ஈறுல, பல்லு இல்லாம கடிவாளம் உக்காற இடத்துல, நகம் அளவுக்கு தோல் உரிஞ்சு சிவந்து கெடந்துச்சு. அன்னிக்கு அவள கூட்டிட்டு போய் நிறுத்தினப்ப என் கைய மோந்து பாத்தா, இன்னிக்கும் அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

என்ன பண்ணனும்னா, நிறுத்தறதுக்கு ஒரு புது பாஷைய முதல்ல அரீனாவுக்குள்ள சொல்லி கொடுங்க. மூச்ச நல்லா வெளிய விடுங்க, இடுப்ப கனமா உக்கார வைங்க, விரல மட்டும் மூடுங்க, அவன் லேசா குறைச்ச அந்த நொடியே விரல திறந்துடுங்க. நீங்க பிடிக்கறதுல அவன் கத்துக்க மாட்டான், விடறதுலதான் கத்துக்குவான், அதனால விடறது லேட் ஆனா பாடம் போச்சு. இது கண்ண மூடிகிட்டு நடக்கற அளவுக்கு வந்தப்புறம் அரீனா கேட்ட திறந்து வச்சுட்டு பண்ணுங்க, அப்புறம் வேலிக்கு வெளிய ஒட்டினாப்ல, அப்புறம் புல்வெளியோட ஒரு மூலைல. ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரம் புல்வெளில நடை மட்டும்தான், இருபது அடி நடந்து நில்லு, திரும்ப நட. நேர்கோட்ட தவிருங்க, நீளமா நேரா திறந்து கெடக்கற இடம் அவனுக்கு ரேஸ் டிராக்தான், 20 மீட்டர் வட்டம், வளைவுன்னு போயிட்டே இருங்க. கேன்டர் கடைசி கடைசியா, முடிஞ்சா லேசான மேட்டு பக்கமா, ஆறேழு தாவல் மட்டும், அவன் சாய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டிராட்டுக்கு, அதாவது கேன்டர விட மெதுவான ஓட்டத்துக்கு, வந்துடணும். தினமும் ஒரே இடத்துல கேன்டர் ஆரம்பிக்காதீங்க, அடுத்த வாரம் அந்த இடம் வந்தாலே தானா கெளம்பிடுவான்.

முக்கியமா காத கவனிங்க. ஒரு காது அப்பப்ப உங்க பக்கம் திரும்புதுன்னா உங்கள கேட்டுட்டு இருக்கான். ரெண்டு காதும் தூரத்துல ஒரே இடத்துல குத்திட்டு நின்னு, கழுத்து கட்டை மாதிரி விறைச்சு, உங்க தொடைக்கு கீழ முதுகு மேல வந்துச்சுன்னா உங்க கைல இருக்கறது ரெண்டு மூணு நொடிதான், அப்பவே வட்டத்துல திருப்பிடுங்க.

மத்த குதிரை பின்னாடி இருந்து தாண்டி போனா என் குதிரை துள்ளி உதைச்சு கூடவே ஓட ஆரம்பிக்குது. தனியா போனா பரவால்ல.

கூட்டமா ஓடித்தான் அது வளந்திருக்கு, பக்கத்துல ஒரு குளம்பு சத்தம் நெருங்குனா அதுக்கு என்ன அர்த்தம்னு அதுக்கு நல்லாவே தெரியும். குதிரைக்கு நேர் பின்னாடி கொஞ்சம் தவிர சுத்தி ஏறக்குறைய 350 டிகிரி தெரியும், அதனால நீங்க திரும்பி பாக்கறதுக்கு முன்னாடியே அது பாத்துடும். வயசான, எதுக்கும் அசையாத ஒரே ஒரு குதிரைய துணைக்கு வச்சுக்கோங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நடக்கட்டும், பிறகு இது முன்னாடி, அது முன்னாடின்னு மாறி மாறி நடையிலயே தாண்டட்டும். நடையில சலிச்சு போற அளவுக்கு ஆனப்புறம்தான் டிராட். கூட வர்றவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க, கேக்காம யாரும் கேன்டர் போடக்கூடாது. இத கேக்க மாட்டேங்கறவங்களோட போகவே போகாதீங்க, நான் இதுல ரொம்ப கறாரா இருப்பேன். தெரியாத குதிரை வேகமா வர்றது தெரிஞ்சா உங்க குதிரைய அந்த பக்கம் முகம் பாக்கற மாதிரி திருப்பி நிறுத்துங்க. சந்தேகமா இருந்தா இறங்கிடுங்க.

ஏறும்போது நிக்கவே மாட்டேங்குது.

ரேஸ்ல ஜாக்கிய கால பிடிச்சு தூக்கி விடுவாங்க, பல நேரம் குதிரை நடந்துட்டே இருக்கும். ஏறும் படின்னு ஒண்ண அது பாத்திருக்காது. படி பக்கத்துல நின்னா கழுத்த தடவி குடுங்க, நகந்தா சத்தம் போடாம திரும்ப அதே இடத்துக்கு கொண்டு வாங்க, முதல் சில நாள் ஏறவே வேணாம். ஏறினதும் உடனே கெளம்பாதீங்க, பத்து வரைக்கும் எண்ணுங்க.

கொள்ளுன்னா வாய திறக்குது, கடிவாளம்னா மூடுதுங்கறது என் குதிரைக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தா, இப்ப சேணத்தோட வயித்துப்பட்டிய இறுக்கினா காத மடக்கறா, வெளில கேன்டர் போட்டா உதைக்கறா. இது திமிர்தானே?

திமிர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டாக்டர கூப்பிடுங்க. நல்லா இருந்த குதிரை திடீர்னு மாறினா எனக்கு முதல் சந்தேகம் வலிதான். ரேஸ் பயிற்சில இருக்கற குதிரைகள்ல பெரும்பாலானதுக்கு வயித்துப்புண் இருக்கு. குதிரையோட இரைப்பைல அமிலம் நாள் முழுக்க சுரந்துட்டே இருக்கும், தீவனம் உள்ள இருந்தாலும் இல்லைன்னாலும். வயிறு காலியா இருக்கும்போது வேகமா ஓடினா அந்த அமிலம் இரைப்பையோட மேல் பாதில தெறிக்கும், அங்க அத தாங்கற பாதுகாப்பு கெடையாது. எண்டோஸ்கோப்பி (குழாய் கேமராவ வயித்துக்குள்ள விட்டு பாக்கறது) பண்ணிதான் உறுதியா சொல்ல முடியும், இருந்தா அமிலத்த குறைக்கற ஓமெப்ரசோல் மருந்து குடுப்பாங்க, அளவ டாக்டர்தான் சொல்லணும். நீங்க செய்ய வேண்டியது புல்ல கூட்டறது, தானியத்த குறைக்கறது. உடம்பு எடைல ஒன்றரைல இருந்து ரெண்டு சதவீதம், அதாவது 500 கிலோ குதிரைக்கு தினம் 7.5 முதல் 10 கிலோ காஞ்ச புல், ஒரே வேளையா இல்லாம நாள் முழுக்க பரவலா. சவாரிக்கு அரை மணி நேரம் முன்னாடி ரெண்டு கை புல் கடிக்க விடுங்க. ஆனா எத மாத்தினாலும் ஒரேயடியா மாத்தாதீங்க, ஒண்ணு ரெண்டு வாரம் எடுத்து மெதுவா.

அதோட முதுகையும் பாக்க சொல்லுங்க, முதுகெலும்பு முட்டுகள் ஒண்ணோட ஒண்ணு உரசற பிரச்சனை ரேஸ் குதிரை இனமான தரோபிரெட்ல அதிகம், எக்ஸ்ரேல தெரியும். ரேஸ விட்டதும் தசை வடிவம் மாறிட்டே இருக்கும், அதனால அன்னிக்கு பொருந்தின சேணம் ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்கு கிள்ளலாம். குளம்பும் அப்படித்தான், மெலிசான அடிப்பாகம் உள்ள குதிரை கல்லுத்தரைல வலிச்சு நடக்கும். பல்ல வருஷத்துக்கு ஒருமுறையாவது பாக்கணும், கூர்மையான பல் ஓரம் கன்னத்த குத்திட்டு இருந்தா கடிவாளத்துக்கு எந்த குதிரைதான் வாய திறக்கும்?

நிஜமாவே பிச்சுகிட்டு ஓடினா அந்த நேரத்துல என்ன பண்றது?

முன்னாடி குனியாதீங்க, அது ஜாக்கி உக்கார்ற விதம். நிமிந்து உக்காந்து, குதிகால கீழ இறக்கி, ஒரே பிடியா இழுக்காம குதிரையோட ஓட்ட தாளத்துக்கு இழு, விடு, இழு, விடுன்னு பண்ணுங்க. இடம் இருந்தா பெரிய வட்டத்துல திருப்பி கொஞ்சம் கொஞ்சமா வட்டத்த சுருக்குங்க. ஒரு பக்க ரெயின மட்டும் வெடுக்குன்னு இழுத்து தலைய முழங்கால் வரைக்கும் கொண்டு வர்ற வித்தைய முழு வேகத்துல தயவுசெஞ்சு செய்யாதீங்க, கால் பின்னி குதிரை உங்க மேலயே விழும். கழுத்துல ஒரு பழைய வார கட்டி வைங்க, தடுமாறினா வாய பிடிச்சு தொங்காம அத பிடிச்சுக்கலாம். ஹெல்மெட், உடம்பு பாதுகாப்பு ஜாக்கெட் ரெண்டும் இல்லாம வெளிய போகவே கூடாது. நின்னதுக்கப்புறம் அடிக்காதீங்க, அது நின்னதுக்கு கெடைச்ச அடின்னுதான் எடுத்துக்கும்.

எவ்ளோ நாள் ஆகும்? பயமா இருந்தா இறங்கி நடக்கறது தோத்துப்போற மாதிரி ஆகாதா? தனியா போகலாமா?

சில குதிரைக்கு நாலு மாசம், சிலதுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல. அந்த செந்நிற பெண் குதிரைக்கு புல்வெளில ரெயின் தொங்க நடக்கறதுக்கே ஏழு மாசம் ஆச்சு. இறங்கி நடக்கறதுல எந்த தோல்வியும் இல்ல, நீங்க பக்கத்துல நடந்தா அதுக்கும் தைரியம் வரும், வாரத்துல ஒருநாள் சவாரியே இல்லாம கைல பிடிச்சு மேய விட்டுட்டு வாங்க, இந்த இடத்துல ஓடாமலும் இருக்கலாம்னு அதுக்கு தெரியட்டும். தனியா இப்போதைக்கு வேணாம். போயே ஆகணும்னா எந்த வழியா போறீங்க, எப்ப வருவீங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு போங்க, செல்போன சேணத்துல மாட்டாம உங்க உடம்போட வச்சுக்கோங்க, ஏன்னா நீங்க விழுந்தா குதிரை வீட்டுக்கு ஓடிடும், போனும் அதோடயே போயிடும்.