உயிரியல் பிரிவுக்குப் போகிறவருக்கு சங்கீதமும் வரலாறும் தமிழும் எதற்கு?

கேட்டவர் தரம் 10 படிக்கிறார். உயர்தரத்தில் (ஏ.எல்) உயிரியல் பிரிவுக்குப் போவதென்று இப்போதே முடிவெடுத்துவிட்டாராம். அப்படியென்றால் அதற்கு முன் எழுதும் சாதாரண தரப் பரீட்சையான ஓ.எல்லுக்கு ஒன்பது பாடத்தையும் கஷ்டப்பட்டுப் படிப்பதில் என்ன பிரயோசனம் என்பதுதான் கேள்வி.

நான் மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவி. ஓ.எல்லில் அழகியல் பாடமாகக் கர்நாடக சங்கீதம் எடுத்தேன். "அது சும்மா ஏ எடுக்கிற பாடம்" என்று பலர் சொன்னார்கள். எனக்கோ உயர்தரத்தில் அதிகம் கைகொடுத்தது அந்தப் பாடம்தான், அதுவும் பௌதிகவியலில்.

சுரமானி என்றொரு உபகரணம் இருக்கிறது. ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, கீழே இரண்டு பாலங்களை வைத்து, இடையிலுள்ள நீளத்தை மாற்றி மாற்றி அதிரவிடுவோம். இழுவையை மாற்றாமல் நீளத்தை மட்டும் குறைத்தால் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் கம்பி அதிரும் தடவைகள், கூடும்; இரண்டும் நேர்மாறு விகிதத்தில் இருக்கும். வகுப்பில் எல்லோரும் சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது காதில் கேட்டது. 60 சென்ரிமீற்றரில் வரும் ஒலியை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தை 40க்கு நகர்த்தினால் 'ப' வரும். 30இல் மேல் 'ச'. அறுபதுக்கு நாற்பது, அதாவது மூன்றுக்கு இரண்டு. வருசக்கணக்காகத் தம்புராவோடு சேர்ந்து பாடிய ச-ப இந்த விகிதம்தான் என்று தெரிந்தபோது வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதன்பிறகு அந்தச் சமன்பாட்டை நான் பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

இதை எனக்கு முன்னே எங்கள் மண்ணில் ஒருவர் மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறார். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர். பிறகு தமிழ்ப் பேராசிரியரானார். வழக்கொழிந்துபோன பழைய யாழ்களின் சுரங்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவராலோ கணிதம் மட்டும் தெரிந்த ஒருவராலோ அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. எங்கள் பள்ளிக்கூடங்களில் அவருடைய படத்துக்கு மாலை போடுகிறோம். இந்தக் கணக்கையும் சொல்லித்தந்தால் எவ்வளவு நல்லது!

கணிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மடக்கையை (log) நன்றாக விளங்கிப் படியுங்கள். இரசாயனத்தில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச் (pH) பெறுமானம் ஒன்று குறைந்தால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு கூடும். பௌதிகவியலில் ஒலி மட்டம் 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு கூடும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே மடக்கைதான்.

அப்புறம், பாடப் புத்தகத்துக்கு வெளியே உள்ள கேள்விகள். மாரி மழைக்கு மட்டக்களப்பு வாவி நிறைந்து, அதன் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் வெள்ளம் நிற்கும்போது, வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள். வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களுக்கு வேறு கவலை. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து வாவியில் வளர்ந்து, திரும்பவும் கடலுக்குப் போகும். வாய் எப்போது திறக்கிறது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்குச் சோறு. என் மாமா வயல் செய்கிறார், சித்தப்பா தோணியில் இறாலுக்குப் போகிறார். இரண்டு நியாயமும் எங்கள் வீட்டிலேயே கதைக்கப்படும். இறாலின் வாழ்க்கை வட்டம் உயிரியல், மழை புவியியல், உப்புச் செறிவு இரசாயனம், யார் முடிவெடுப்பது என்பது குடியியல். இதில் எதை விட்டுவிட்டு மற்றதைக் கதைப்பது?

வரலாறு எனக்கு எந்த உயர்தர வினாத்தாளிலும் நேரடியாக உதவவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மாமா அம்பாறைப் பக்கத்து நீர்ப்பாசனத்தைப் பற்றிக் கதைக்கும்போது 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் தெரிந்திருந்ததால்தான் என்னாலும் சேர்ந்து கதைக்க முடிந்தது. தமிழ் அப்படியல்ல, தினமும் தேவை. உயிரியல் கட்டுரை வினாவுக்குத் தெரிந்ததை ஒழுங்காக வசனத்தில் எழுதத் தெரியாமல் புள்ளியை விடும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

நேரம் போதாது என்ற உங்கள் பயம் உண்மையானது. ரியூசனும் பாஸ்ட் பேப்பரும் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அளவில் படிக்க முடியாதுதான். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். சங்கீத வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.