படத்தில் ஒரு பஞ்சுப் பொட்டு: புது வால் நட்சத்திரம்தானா?

கேள்வி: தேவிபட்டினம் கடற்கரையில் விடியலுக்கு முன் டிஎஸ்எல்ஆர் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் போட்டு வானத்தைப் படம் எடுக்கிறேன். போன வாரம் கிழக்கே தாழ்வாக, பச்சைச் சாயலில் மங்கலான பொட்டு ஒன்று விழுந்திருந்தது. செல்போன் செயலியில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. புது வால் நட்சத்திரமா, சூப்பர்நோவாவா? யாருக்கு எழுத வேண்டும்?

பதில்: எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன் அந்தப் பொட்டைப் பொய்யாக்க நீங்களே முயன்று பாருங்கள்.

சூப்பர்நோவாவை இப்போதே தள்ளிவிடலாம். அது வேறொரு கேலக்ஸியில் வெடிக்கும் ஒற்றை நட்சத்திரம். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் புள்ளியாகத்தான் விழும். பஞ்சு மாதிரி இருந்தால் வால் நட்சத்திரம், நெபுலா என்ற வாயு-தூசி மேகம், நட்சத்திரக் கொத்து, இல்லையென்றால் லென்ஸுக்குள் நடந்த எதிரொளிப்பு. உங்கள் கரையில் எனக்கு முதல் சந்தேகம் இந்தக் கடைசி ஆசாமி மேல்தான். விசைப்படகு விளக்கோ விடிவெள்ளியோ படத்தின் ஓரத்தில் இருந்தால் போதும், எதிர்ப்பக்கத்தில் பச்சையாக ஒன்று முளைக்கும். கேமராவைக் கொஞ்சம் திருப்பி மறுபடி எடுங்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு ஒட்டியே இருந்தால் வானத்துப் பொருள். தனியாக இடம் மாறினால் லென்ஸின் வேலை. அக்கம்பக்கத்து நட்சத்திரங்களும் பஞ்சாகத் தெரிந்தால், உப்பு ஈரம் படிந்த கண்ணாடியைத் துடையுங்கள்.

அதையும் தாண்டினால், நகர்கிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து படம், மறுநாள் விடியலில் அதே இடத்தில் இன்னும் சில. 1995 ஜூலை 23 இரவு ஆலன் ஹேலும் தாமஸ் பாப்பும் தனித்தனி ஊர்களில் எம்70 என்ற நட்சத்திரக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பட்டியலில் இல்லாத ஒரு மங்கல் தெரிந்தது. அது மெல்ல நகர்ந்ததைக் கவனித்த பிறகுதான் ஹேல் தகவல் அனுப்பினார். அதுதான் ஹேல்-பாப் வால் நட்சத்திரம்.

நகர்ந்தாலும் புதியது என்று அர்த்தமில்லை. செல்போன் செயலியில் எல்லா வால் நட்சத்திரமும் இருக்காது. சிறுகோள், வால் நட்சத்திரங்களின் இருப்பிடங்களைத் திரட்டும் சர்வதேச மையமான மைனர் பிளானட் சென்டரின் தளத்தில் தேதி, நேரம், இடம் கொடுத்தால் அங்கே இருக்க வேண்டிய தெரிந்த பொருள்களைக் காட்டும். பெரும்பாலான ‘கண்டுபிடிப்புகள்’ இங்கேயே முடிந்துவிடும். அங்கும் இல்லையா? சரி, இப்போது எழுதலாம். படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து இடத்தை அளக்கும் அஸ்ட்ரோமெட்ரி மென்பொருளில் துல்லியமான இருப்பிடம் எடுத்து அதே மையத்துக்கு அனுப்புங்கள். சந்தேகப் பொருளை அவர்கள் உறுதிப்படுத்தும் பட்டியலில் போட, மற்ற நாட்டு வானியலர்கள் தொடர்ந்து பார்ப்பார்கள். சுற்றுப்பாதை கணக்கான பிறகே அறிவிப்பும் பெயரும். நேரத்தை உலக நேரத்தில் (UT) எழுதுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து. இதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வீண்.

சூப்பர்நோவாவுக்கு வழி வேறு. வானில் திடீரெனத் தோன்றுபவற்றைப் பதியும் டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்தில் பதிவுசெய்து, அந்தக் கேலக்ஸியின் பழைய படத்தில் புள்ளி இல்லை என்று காட்ட வேண்டும். குறுக்கே போகும் சிறுகோள்கூட அப்படித் தோன்றும் என்பதால் அரை மணி கழித்து இன்னொரு படம் அவசியம். வெடிப்புதான் என்று முடிவுசெய்வது நிறமாலை, அதாவது அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுக்கும் பதிவு. 2023 மே 19-ல் ஜப்பானின் கொய்ச்சி இடகாகி எம்101 கேலக்ஸியில் கண்டதை, சில மணி நேரத்திலேயே நிறமாலை எடுத்து வகைப்படுத்தினார்கள்.

தானியங்கி டெலஸ்கோப்புகள் இரவு முழுக்க வானத்தை அலசும்போது நமக்கென்ன மிச்சம் என்று கேட்கலாம். சூரியனுக்குப் பக்கத்து வானம் மிச்சம். அங்கே அவை அதிகம் போவதில்லை. ஜப்பானிய ஆர்வலர் ஹிடியோ நிஷிமுரா 2023 ஆகஸ்டில் விடியல் வானத்தில் வால் நட்சத்திரம் பிடித்தது ஒரு டிஜிட்டல் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் வைத்துத்தான். தேவிபட்டினத்தில் உங்களுக்குக் கிழக்கே மலையில்லை, மரமில்லை, நேரே கடல். நடுநிசி வானத்தை விட்டுவிட்டு அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது. அப்போது சோஹோ விண்கலம் சூரியனைச் சுற்றி எடுக்கும் படங்களை வீட்டிலிருந்தே பாருங்கள். 5,000-க்கும் மேற்பட்ட வால் நட்சத்திரங்கள் அதில் அகப்பட்டுள்ளன, பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆர்வலர்கள் கண்ணில்.