இம்யூனிட்டிய ஏத்தினா டிமென்ஷியா வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

மூளை மறதிக்கும் இம்யூன் சிஸ்டத்துக்கும் சம்பந்தம் இருக்குங்க, ஆனா இம்யூனிட்டிய ஏத்தினா வராதுங்கறதுக்கு ஆதாரம் இல்ல. நான் டாக்டர் கிடையாது, எங்க பெரியம்மாவுக்கு அஞ்சு வருஷமா இது இருக்கு, பெரியப்பா தவறி எட்டு வருஷம் ஆச்சு ஆனா இன்னும் சாயந்திரமானா அவருக்குன்னு ஒரு டம்ளர் காபி ஆத்தி மூடி வெப்பாங்க, அத பாத்து பாத்துதான் இதப்பத்தி படிக்க ஆரம்பிச்சேன்.

மூளைக்குள்ள மைக்ரோக்ளியான்னு ஒரு வகை இம்யூன் செல் இருக்கு, குப்பை அள்றது அதோட வேலை. அதுல வேலை செய்யற ட்ரெம்2 ஜீன்ல ஒரு அபூர்வ மாற்றம் இருந்தா அல்சைமர் (டிமென்ஷியாலயே ரொம்ப சகஜமான வகை) ரிஸ்க் கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு 2013ல ஐஸ்லாந்து ஆராய்ச்சி காட்டுச்சு. ஜீன் பொறக்கும்போதே வர்றது, நோய் வந்து அத மாத்தியிருக்க முடியாது, அதனால சம்பந்தம் இருக்குங்கறதுக்கு இது பலமான ஆதாரம். ஆனா அதே ட்ரெம்2வ தூண்டி விடற மருந்து 2024ல ஃபெயில் ஆயிடுச்சு!

மூட்டுவலி மாத்திரை ரொம்ப நாள் சாப்பிடறவங்களுக்கு அல்சைமர் கம்மின்னும் ஒரு காலத்துல பேசினாங்க. குலுக்கல் முறைல ஆள பிரிச்சு நாப்ராக்சென், செலிகாக்சிப்னு அந்த வகை மாத்திரைங்கள குடுத்து பாத்தா ஒரு பலனும் இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது வேல்ஸ் நாட்டு கதைதான். அங்க 2013 செப்டம்பர்ல அக்கி தடுப்பூசி போட ஆரம்பிச்சப்போ, 1933 செப்டம்பர் 2க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு கிடையாதுன்னுட்டாங்க. ஒரு வாரம் முன்ன பின்ன பொறந்தவங்க நடுவுல சாப்பாடு, படிப்பு, வசதின்னு என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போகுது, ஊசி மட்டும்தான். ஏழு வருஷம் கழிச்சு பாத்தா ஊசி போட்டவங்களுக்கு டிமென்ஷியா சுமார் 20% கம்மி, அதுலயும் பொம்பளைங்களுக்குத்தான் பலன் ஜாஸ்தி. 2025ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்துச்சு. அக்கி வைரஸ் அடங்கினதாலயா, இல்ல ஊசி இம்யூன் சிஸ்டத்தையே கொஞ்சம் பழக்கிவிட்டதாலயான்னு இத வெச்சு பிரிச்சு சொல்ல முடியாது.

ஆக இந்த பவுடர், லேகியம்லாம் எந்த கணக்குலயும் வராதுங்க. எங்க அண்ணன் யாரோ சொன்னாங்கன்னு மாசம் 2,800 ரூபாய்க்கு ஒரு இம்யூனிட்டி பவுடர் வாங்கிட்டு வந்தான், நாலு மாசம். காலி டப்பா மட்டும் வந்துட்டே இருந்துச்சு, அப்புறம்தான் தெரிஞ்சுது, பெரியம்மா அத தினமும் பெரியப்பா டம்ளர்லதான் கலந்து வெச்சிருக்காங்க.