துபாயில் இன்டர்நேஷனல் லைசென்ஸ் செல்லுமா?

கேள்வி: என் கணவர் (வயது 42) துபாயில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார், ரெசிடென்ஸ் விசா இருக்கிறது. 21 வயதில் திருவாரூரில் எடுத்த கார், பைக் லைசென்ஸ் காலாவதியாகி எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் 30 நாள் லீவில் வருகிறார். "அவர் வரவே வேண்டாம், லைசென்ஸைப் புதுப்பித்து மூன்று வருட இன்டர்நேஷனல் லைசென்ஸும் வாங்கித் தருகிறேன், துபாயில் ஓட்டலாம்" என்று ஒரு புரோக்கர் 14,000 ரூபாய் கேட்கிறார். பீரோவில் இருந்த ஒரிஜினல் கார்டையும் 3,000 ரூபாயையும் கொடுத்துவிட்டேன். நம்பலாமா?
– கூத்தாநல்லூர் வாசகி

பதில்: மீதி 11,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கார்டை இன்றே திருப்பி வாங்குங்கள்.

இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று சொல்வது நம் அரசு தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத்தான், அதற்கு ஆயுள் ஒரே வருடம். அதற்குள் ஊர் லைசென்ஸ் முடிந்தால் அதுவும் முடிந்தது. கட்டணம் 1,000 ரூபாய். கொடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ், சின்னப் புத்தகமாக இருக்கும். மூன்று வருடம், பத்து வருடம் என்று பளபளக்கும் பிளாஸ்டிக் கார்டாக வந்தால் அது வெறும் அட்டை.

அசல் அனுமதியே கையில் இருந்தாலும் உங்கள் கணவருக்கு அங்கே உதவாது. ரெசிடென்ஸ் விசா உள்ள இந்தியர் அமீரக லைசென்ஸ் எடுத்துத்தான் ஓட்ட வேண்டும். 2025 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ள போக்குவரத்துச் சட்டப்படி, அங்கே செல்லாத வெளிநாட்டு லைசென்ஸில் ஓட்டினால் முதல் தடவையே 2,000 முதல் 10,000 திர்ஹாம் வரை அபராதம். அதைக்கூடக் கட்டிவிடலாம். வண்டி மோதி ஓர் உயிர் போனால் 'தியா' என்ற இழப்பீடு 2 லட்சம் திர்ஹாம். செல்லாத லைசென்ஸ் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தப் பணத்தை ஓட்டியவர் தலையில்தான் கட்டும்.

ஒரே விதிவிலக்கு விசிட் விசா. மைத்துனரோ கொழுந்தனாரோ விசிட்டில் போனால், ஊர் லைசென்ஸையும் இந்த அனுமதியையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாடகைக் கார் ஓட்டலாம். ஆனால் விசிட்டில் போய் வேலை தேடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வேலை கிடைத்து விசா ரெசிடென்ஸாக மாறிய அன்றே இந்த அனுமதி அங்கே செத்துவிடும், புத்தகத்தில் இன்னும் எட்டு மாதம் இருப்பதாகத் தேதி போட்டிருந்தாலும் சரி. "தேதி இருக்கிறதே" என்று ஓட்டுவதுதான் ஆபத்து.

அப்படியென்றால் ஊர் லைசென்ஸை ஏன் புதுப்பிக்க வேண்டும்? துபாயில் லைசென்ஸே இல்லாதவருக்குப் பயிற்சி வகுப்பு 20 மணி நேரம், ஐந்து வருடத்துக்கு மேல் ஊர் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 10 மணி நேரம். அந்தக் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், தாண்டினால் மறுபடியும் எட்டுப் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்த லீவை விட்டுவிடாதீர்கள்.

புரோக்கர்கள் செய்யும் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. பழைய லைசென்ஸைப் புதுப்பிக்காமல், வேலை சுலபம் என்று புதிதாகவே ஒன்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கார்டில் 'முதலில் வழங்கிய நாள்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 21 வருடத்துக்கு முந்தைய தேதி இருக்க வேண்டும். இந்த வருடத் தேதி இருந்தால் அத்தனை வருட அனுபவமும் போச்சு, 20 மணி நேரத்துக்கும் காசு கட்ட வேண்டும்.

லைசென்ஸ் வேலைகளுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் உங்கள் கணவரே விண்ணப்பிக்கட்டும். வயது 40 தாண்டியதால் படிவம் 1ஏ மருத்துவச் சான்று தேவை. மருத்துவர் நேரில் கண்ணைப் பார்த்துத் தரட்டும், முத்திரை குத்தித் தயாராக வைத்திருக்கும் படிவம் வேண்டாம். மொபைல் எண் கேட்கும் இடத்தில் புரோக்கர் எண் ஏறவே கூடாது. ஏறிவிட்டால் பிற்பாடு ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும், ஒவ்வொரு தடவையும் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

பெயரையும் பாருங்கள். லைசென்ஸில் தகப்பனார் பெயர் ஓர் எழுத்தாக இனிஷியலில் இருக்கும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஒரே மனிதருக்கு இரண்டு அரசு அலுவலகங்கள் இரண்டு விதமாகப் பெயர் எழுதும், அலைவது நாம்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர்த் திருத்தத்துக்கும் இப்போதே சேர்த்து விண்ணப்பியுங்கள்.

இறங்கிய மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 முதல் கார்டைக் கையில் தருவதில்லை, விரைவு அஞ்சலில்தான் வருகிறது. 30 நாள் லீவில் வந்தவர் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முகவரி தப்பாக இருந்தாலோ வீடு பூட்டியிருந்தாலோ கார்டு ஆபீஸுக்கே திரும்பிவிடும். வீடு மாறியிருந்தால் முகவரியையும் மாற்றுங்கள். கார்டு வரும்வரை ஊரில் பைக்கை எடுக்க வேண்டாம், காலாவதியான லைசென்ஸில் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

லீவை நீட்டினால் ஒரு கணக்கு இருக்கிறது. அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து 180 நாள் தாண்டினால் ரெசிடென்ஸ் விசா போய்விடும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் இந்த லீவிலேயே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள், விசா புதுப்பிக்கும்போது அங்கே நிறுத்திவிடுவார்கள்.

புரோக்கர் 3,000 ரூபாயைத் திருப்பித் தர இழுத்தடித்தால் அதற்காகக் கார்டை அவரிடம் விட்டுவைக்காதீர்கள். அவரிடமிருந்து கார்டு திரும்பி வந்ததும் சாரதியில் லைசென்ஸ் எண்ணைப் போட்டு, அவர் ஏற்கெனவே ஏதாவது விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.