கைத்தொழில் கேள்வி பதில்: நம்பர் கேட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: ஐடிஐ முடித்து ஒன்பது வருஷமாக ஏசி மெக்கானிக். இரண்டு வருஷமாக ஒரு செயலி மூலம்தான் வேலை வருகிறது. கமிஷன், பெட்ரோல் போக நாளுக்கு 1,300 ரூபாய் நிற்கிறது. போன மாதம் ரேட்டிங் இறங்கியதும் ஆறு நாள் ஐடியை முடக்கிவிட்டார்கள். போகிற வீடுகளில் 'அடுத்த தடவை நேரா வாங்க தம்பி' என்று நம்பர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், வில்லிவாக்கம்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. ஐடி போய்விடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. புரசைவாக்கத்தில் ஒரு கடையில் வேலை பார்த்த காலத்தில் நானே அப்படிச் செய்தேன். முதலாளி அனுப்பிய வீட்டுக்கு அடுத்த சீசனில் தனியாகப் போனேன். ஒரே வாரத்தில் கம்ப்ரசர் எரிந்தது. அந்த அம்மா கடைக்குப் போய்க் கேட்டார், 'நாங்கள் ஆள் அனுப்பவில்லை' என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். என் மூன்று மாதச் சம்பளம் அதில் போனது.

உங்களுக்கு வேண்டியது உங்கள் சொந்த வாடிக்கை. அதை உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். இஸ்திரி போடுகிறவருக்குத்தான் எந்த வீட்டுக்கு யார் குடி வந்தார்கள் என்று முதலில் தெரியும். பக்கத்து எலக்ட்ரீஷியன், பிளம்பர் இருவரிடமும் சொல்லிவையுங்கள், அவர்களுக்கும் வேலை அனுப்புங்கள். செயலி அனுப்பாமல் இப்படி நீங்களே பிடித்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அட்டையில் தேதி, என்ன கேஸ் (குளிரூட்டும் வாயு), எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று எழுதி, உங்கள் நம்பரோடு யூனிட் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த வருஷம் பங்குனி வெயில் வந்ததும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

ரேட்டிங் ஏன் இறங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. நேரம் அதிகமானதாலா? இப்போதைய வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ்தான். அது தீப்பற்றக்கூடியது. குழாயில் பற்றவைப்பு (வெல்டிங்) செய்யும் முன் கேஸை முழுக்க எடுத்து, நைட்ரஜன் விட்டு, அப்புறம் வேக்யூம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட வேண்டும். இதற்கு நேரம் ஆகத்தான் செய்யும். வேக்யூம் போடாமல் கேஸ் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவருக்கு அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் கிடைக்கலாம். குழாய்க்குள் தங்கிய ஈரம் பிறகு கம்ப்ரசரைத் தின்னும். நீங்கள் அந்த வழிக்குப் போகவே கூடாது. வேலை தொடங்கும் முன்பே 'இவ்வளவு நேரம் ஆகும், இதனால்தான்' என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பாதி கோபம் அங்கேயே அடங்கும்.

அந்த 1,300 முழுவதும் கூலி இல்லை. வேக்யூம் பம்ப், கேஜ், கிளாம்ப் மீட்டர், டிரில் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் என்று வையுங்கள். நான்கு வருஷம் உழைத்தால் மாதம் 1,000 ரூபாய் தேய்மானம். வண்டித் தேய்மானம் தனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வேலை பாதியாகும். சித்திரை, வைகாசியில் வருவதில் ஒரு பங்கை அதற்கென்று இப்போதே ஒதுக்குங்கள்.

கேள்வி: என் கணவர் பிளம்பர், செயலி வேலை. மேல்நிலைத் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. 'அவர் பார்ட்னர், ஊழியர் இல்லை' என்று கம்பெனி கைவிரிக்கிறது. எங்கே போவது?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: அம்மா, முதலில் செயலியில் அன்றைய வேலை விவரத்தைப் படம் பிடித்து வையுங்கள். பார்ட்னர் என்று போட்டாலும் செயலி வழியாக வேலை செய்கிறவர்களைச் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் 2023-லேயே இவர்களுக்கென நலவாரியம் அமைத்தார்கள். அதிலும், மத்திய அரசின் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரமிலும் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம் தருகிற பிரதமர் திட்டமும் உண்டு. மருத்துவச் செலவை அது தராது, நடந்து முடிந்த விபத்துக்கும் பொருந்தாது. இனிமேலுக்காகக் கட்டிவையுங்கள்.

கட்டுப் பிரித்ததும் அவரை ஏணியில் ஏறவிடாதீர்கள். மருத்துவர் சரி என்னும்வரை குழாய் வாஷர், சிங்க் அடைப்பு என்று தரையில் நின்று செய்கிற வேலை மட்டும் எடுக்கட்டும்.