பருமனான உடலுக்கு அலுவலக உடை: வாசகியர் கேள்வி – பதில்

கேள்வி: வங்கியில் அதிகாரியாகப் பணிபுரிகிறேன். வயது 44. கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டினால் இருப்பதைவிட அகலமாகத் தெரிகிறேன். ஜார்ஜெட் கட்டினால் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறம் உனக்கு எடுக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் எப்படிப்பட்ட சேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி.

பதில்: நிறத்தைப் பற்றிய கவலையை முதலில் ஒதுக்கி வையுங்கள். சேலை உங்கள் உடலில் எப்படி விழுகிறது என்பதை நிறத்தைவிடத் துணியின் கனமும் விறைப்பும்தான் தீர்மானிக்கின்றன. செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்ற தடித்த நூல் சேலைக்குக் கஞ்சியும் போட்டுவிட்டால், கொசுவம் உடலைவிட்டு விலகி நின்று, இல்லாத சுற்றளவை இடுப்பில் கூட்டிக் காட்டும். ஜார்ஜெட்டின் குறை இதற்கு நேர் எதிரானது. அது எந்த இடத்தையும் விட்டுக்கொடுக்காமல் படிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் துணிகளே உங்களுக்குத் தேவை: நாலைந்து முறை துவைத்து மிருதுவான மதுரைச் சுங்குடி, மெல்லிய கரையுள்ள மங்களகிரிப் பருத்தி, சற்றுக் கனமான மைசூர் கிரேப் பட்டு ஆகியவை உடலோடு இறங்குமே தவிர ஒட்டிக்கொள்ளா. கண்டாங்கி பிடிக்கும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். கஞ்சியை மட்டும் நிறுத்திவிட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள்.

அடுத்தது சேலையின் நீளம். வழக்கமான ஐந்தரை மீட்டர் சேலையில், இடுப்பைச் சுற்றி வருவதற்கே கூடுதல் துணி போய்விடுவதால், உங்களுக்குக் கொசுவத்தில் நாலைந்து மடிப்புதான் மிஞ்சும். நடக்கும்போது முன்பக்கம் இழுத்துப் பிடிப்பதற்கு அதுவே காரணம். ரவிக்கைத் துணி உள்தலைப்பில் சேர்ந்து வரும் சேலையாக இருந்தால் அதை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, ரவிக்கைக்குத் தனித் துணி வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கிடைக்கும் முக்கால் மீட்டரில் இன்னும் மூன்று மடிப்பாவது வரும்.

பலரும் கவனிக்காத ஒன்று உள்பாவாடை. நாடாவைச் சுருக்கிக் கட்டும்போது துணி முழுவதும் இடுப்பில் குவிந்து, அதன்மேல் கொசுவமும் சேர்ந்து ஒரு மேடாகிவிடுகிறது. நான்கு அங்குலத் தட்டைப் பட்டை வைத்து, சுருக்கம் பின்பக்கம் மட்டும் விழும்படி ஒரு பருத்திப் பாவாடை தைத்துக்கொண்டால் அந்த மேடு மறைந்துவிடும். இப்போது கடைகளில் விற்கும் இறுக்கமான ‘சாரி ஷேப்வேர்’ பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திருச்சி வெயிலில் நாள் முழுவதும் அதை அணிந்திருப்பதும், பக்கவாட்டுப் பிளவு இல்லாத ஒன்றை அணிந்துகொண்டு பேருந்துப் படி ஏறுவதும் எவ்வளவு சிரமம் என்பதை அணிந்தவர்கள்தான் அறிவார்கள். விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறிவிடுகிறது. சில சமயம் அக்குளில் தையல் விட்டுவிடுகிறது. கையைத் தளர்த்தித் தைக்கச் சொன்னால், தையற்காரர் அக்குளை இன்னும் கீழே இறக்கிவிடுகிறார். அதன் பிறகு முன்பைவிட மோசமாகிவிடுகிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்.

பதில்: உங்கள் தையற்காரர் செய்வதைத்தான் ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள். மேல்கை பருமனாக இருந்தால், இடம் கொடுப்பதற்காக அக்குள் வெட்டைக் கீழே இறக்குகிறார்கள். அப்படி இறக்கினால் கையும் உடல் பாகமும் சேரும் இடம் விலாப் பக்கம் போய்விடுகிறது. பிறகு கையைத் தூக்கும்போது கை மட்டும் எழாமல் ரவிக்கையே சேர்ந்து எழுகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. அக்குள் வெட்டு உங்கள் அக்குளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே நிற்கட்டும். இடத்தை ரவிக்கையின் கையில்தான் கொடுக்க வேண்டும்: மேல்கையின் மிகப் பருமனான பகுதியை அளந்து, அந்தச் சுற்றளவோடு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை கூட்டி, கையின் மேல்வளைவை உயரமாக வெட்டாமல் சற்றுத் தாழ்வாக வெட்டச் சொல்லுங்கள். வளைவு தாழ்ந்தால் அக்குளுக்கு அருகில் ஒன்றிரண்டு சுருக்கங்கள் விழும். அதைக் குறையாக நினைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள். கை உயர்வதற்கான துணி அங்கேதான் இருக்கிறது.

கையின் நீளம், பருமனான இடத்தில் போய் நிற்கக் கூடாது, ஏனெனில் கை முடியும் விளிம்பில்தான் பார்ப்பவர் கண் விழும். முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடித்தால், மடக்கும்போதும் இறுக்காது. மார்பளவு 42-க்கு மேல் உள்ளவர்களுக்கு, இரண்டு ‘டாட்’ (மார்பின் வடிவுக்காகத் தைக்கும் மடிப்பு) பிடித்த சாதாரண வெட்டைவிடப் பிரின்சஸ் கட் நன்றாக அமையும். தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ இறங்கும் அந்தத் தையல் நெடுகிலும் பிரித்துத் திருத்த இடம் இருக்கும். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்து ‘இதே மாதிரி’ என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, புதிதாக அளவு கொடுங்கள். பழைய ரவிக்கையில் இருந்த பிழைதான் வருடா வருடம் புதிய ரவிக்கைக்கும் போய்ச் சேர்கிறது.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் வேலை. குர்த்தாதான் வசதி. மார்புக்குச் சரியாக இருக்கும் டபுள் எக்ஸ்எல் வாங்கினால் தோள் தொங்குகிறது. தோளுக்குச் சரியாக இருப்பதை வாங்கினால் வயிற்றில் பிடிக்கிறது.
– ஒரு வாசகி, சென்னை.

பதில்: ஆயத்த ஆடை நிறுவனங்கள் ஒரு நடுத்தர அளவை வைத்துக்கொண்டு அதையே எல்லாப் பக்கமும் பெரிதாக்குகின்றன. உடல் பெருத்தால் தோள் எலும்பும் அதே கணக்கில் நீளும் என்று எண்ணுவதால் வரும் வினை இது. இந்தியர்களுக்கெனத் தனி அளவு அட்டவணை வகுப்பதற்காக, ‘நிஃப்ட்’ எனப்படும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்பக் கழகம் ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் முப்பரிமாணக் கருவியால் அளவெடுக்கும் திட்டத்தை மேற்கொண்டது. அதன் பயன் கடை அலமாரிக்கு வந்து சேரும்வரை, மார்புக்கும் வயிற்றுக்கும் பொருந்துவதை வாங்கித் தோளைத் திருத்திக்கொள்வதே வழி. தோள் தையல் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கையைப் பிரித்து, மிகுதியை வெட்டி, மீண்டும் கையை வைப்பது நல்ல தையற்காரருக்கு ஒரு மணி நேர வேலை. தோள் சரியாக அமைந்துவிட்டால், கீழே கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் உடை அளவெடுத்துத் தைத்ததுபோலவே தோன்றும்.

வாங்கும்போது உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் குர்த்தா, நாற்காலியில் அமர்ந்ததும் பிளவின் உச்சியில் விரிந்து இடுப்பைக் காட்டினால், பிளவு மேலே தொடங்குகிறது என்று பொருள். இரண்டு அங்குலம் மூடித் தைத்துவிடலாம். மறைப்பதற்காகவென்று இடுப்பில் சுருக்கம் வைத்த குடை வெட்டுக் குர்த்தாவை எடுக்காதீர்கள்; அந்தச் சுருக்கமே பருமனைக் கூட்டும். லெக்கிங்ஸுக்குப் பதிலாக, கணுக்காலில் முடியும் நேரான பேண்ட், அலுவலகத்துக்குப் பொருத்தமாகவும் மேலுடலுக்கும் காலுக்கும் இடையிலான வேறுபாட்டைத் துருத்திக் காட்டாமலும் இருக்கும்.

கேள்வி: குறுக்குக் கோடு போட்ட உடை பருமனாகக் காட்டும், நெடுக்குக் கோடு மெலிவாகக் காட்டும் என்பது உண்மையா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: பத்திரிகைகள் காலம் காலமாக அப்படித்தான் எழுதுகின்றன, இந்தப் பத்திரிகையும் எழுதியிருக்கும். ஆனால் குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தோன்றுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் குறிப்பிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை உடையணிந்த உருவங்களில் சோதித்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையும், குறுக்குக் கோடு பருமனாகக் காட்டாது என்றே சொல்கிறது. பிடித்த கோடு போட்ட உடையை வாங்குங்கள்.

கேள்வி: மாவட்ட நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞர். கறுப்பு கோட்டுக்குள் மூச்சு முட்டுகிறது. பொத்தானும் போட முடிவதில்லை.
– ஒரு வாசகி, மதுரை.

பதில்: பார் கவுன்சில் விதிகள் நீங்கள் நினைப்பதைவிடத் தாராளமானவை. வெள்ளை, கறுப்பு மட்டுமல்லாமல், அச்சோ வேலைப்பாடோ இல்லாத மென்மையான நிறத்தில் எந்தச் சேலையும் கட்டலாம். வெள்ளை அல்லது கறுப்பு நிறத்தில் சல்வார் குர்த்தாவும் அணியலாம், துப்பட்டா உங்கள் விருப்பம். கோடைக்காலத்தில் உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் தவிர மற்ற இடங்களில் கறுப்பு கோட்டு கட்டாயமில்லை. மற்ற மாதங்களுக்கு, ஆயத்தக் கோட்டை வாங்காமல் மெல்லிய பருத்திக் கலப்புத் துணியில் தைத்துக்கொள்ளுங்கள். முதுகில் பாதிவரை மட்டும் லைனிங் கொடுத்து, பின்பக்கம் ஒரு பிளவு விடச் சொல்லுங்கள். பொத்தான் போடாமலே அணியும்படி முன்பக்கத்தைத் திறந்தாற்போல வெட்டினால் போதும். விதியும் திறந்த மார்புள்ள கோட்டையே குறிப்பிடுகிறது.