நான்கு எழுத்தும் ஒரு தையல் மிஷினும்

அன்புள்ள ஐயா,

வயது 34. கோவையில் மென்பொருள் வேலை. பன்னிரண்டு வருடத்தில் இது நான்காவது நிறுவனம். போன மாதம் அலுவலகப் பயிற்சியில் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். எனக்கு ஐஎன்எஃப்பி (INFP) என்ற நான்கெழுத்து வகை வந்தது. கனவு காண்பவர்கள், எதிலும் நிலைக்காதவர்கள், அர்த்தம் தேடித் தவிப்பவர்கள் என்று இணையத்தில் போட்டிருந்தது. அப்படியே நான்தான். முதலில் நிம்மதியாக இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது. போன ஞாயிறு அம்மாவின் பழைய தையல் மிஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன், மதியச் சாப்பாடே மறந்துவிட்டது. இப்படித்தான் நேரத்தை வீணாக்குகிறேன். என் வகைக்காரர்களுக்கு அர்த்தமுள்ள வாழ்க்கை அமையுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

அந்தத் தேர்வை உருவாக்கியவர்கள் காதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற அமெரிக்கத் தாயும் மகளும். இருவரும் உளவியலாளர்கள் அல்ல. மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவரைப் பிடிக்கவும் செய்கிறது. சிக்கல் வேறு. நம்மில் பெரும்பாலோர் கூச்சத்துக்கும் கலகலப்புக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். தேர்வோ நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கத்துக்கு ஓர் எழுத்து, அந்தப் பக்கத்துக்கு ஓர் எழுத்து என்கிறது. கோட்டை ஒட்டி நிற்பவருக்கு அடுத்த மாதமே எழுத்து மாறலாம்.

இந்த வகைகளுக்கு மூலம் சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூல். ஒரே நோயாளியை, அவர் காலத்து உளவியல் முன்னோடிகளான பிராய்டு ஒருவிதமாகவும் ஆட்லர் வேறுவிதமாகவும் பார்க்கிறார்களே, தான் இவர்களிடமிருந்து எங்கே வேறுபடுகிறோம் என்ற கேள்வியிலிருந்து வந்தது அது. எதிரில் இருப்பவர் ஏன் நம்மைப்போல் யோசிப்பதில்லை என்று புரிந்துகொள்ள உதவும். நீங்கள் அதைத் திருப்பிப் பிடித்து ஜாதகமாக்கிவிட்டீர்கள். சனி பார்வைக்குப் பதில் ஐஎன்எஃப்பி, அவ்வளவுதான்.

அந்த நூலுக்கு முந்தைய கதை உங்களுக்கு இன்னும் பயன்படும். 1913இல் யுங்குக்கு பிராய்டுடனான உறவு முறிந்தது. நாற்பதை நெருங்கும் வயது, பெயர் பெற்ற மருத்துவர், பிள்ளைகுட்டிக்காரர். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திணறினார். சின்ன வயதில் கல் அடுக்கி விளையாடியது நினைவு வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து கல் பொறுக்கிக் குட்டிக் குட்டி வீடுகள், ஒரு கோட்டை, ஒரு தேவாலயம் என்று ஒரு கிராமத்தையே கட்டினார். பெரிய மனிதன் பொம்மை விளையாட்டு விளையாடுகிறோமே என்று கூசியிருக்கிறது, அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் விடவில்லை. கல்லை வைக்க வைக்கத்தான் மனம் தெளிந்தது.

பின்னாளில், தன்னிடம் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோயென்று சொல்ல எதுவுமில்லை, வாழ்க்கை அர்த்தமற்றுப் போனதுதான் குறை என்றும் எழுதினார். அத்தனை பேரும் ஐஎன்எஃப்பியா என்ன?

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் வேலை வருகிறது, வகை வருகிறது, பயம் வருகிறது. 'நான்' வராத இடம் அந்தத் தையல் மிஷின் ஒன்றுதான். பசிகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதைப் போய் வீண் என்கிறீர்கள். எதிலும் நிலைக்காதவன் பழைய மிஷினை ஒரு மதியம் முழுக்கப் பிரித்துக்கொண்டிருப்பானா?

எங்கள் வீட்டு மிஷினிலும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பல் தகட்டுக்கு அடியில் வருடக்கணக்கில் சேர்ந்த பஞ்சை ஊக்கால் நோண்டி எடுத்து, பாபின் கேஸ் திருகை அரைக்கால் சுற்று தளர்த்திய பிறகு சரியானது. உங்களுடையது என்ன ஆயிற்று, ஓடியதா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே.